இரண்டாம் வருஷத்தில் அந்தப் போன் எப்படி இருக்கிறது?

தமிழில் செல்போன் விமர்சனம் செய்யும் நண்பர்களுக்கு,



தென்காசி மாவட்டத்தில், கடையத்துக்கும் ஆலங்குளத்துக்கும் நடுவே ஒரு சிற்றூரில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். உங்கள் காணொளிகளைத் தவறாமல் பார்க்கிறவன். சாயங்காலம் கூட்டம் ஓய்ந்த பிறகு உங்களில் யாரையாவது ஓட விட்டுக்கொண்டேதான் டிஸ்ப்ளே ஒட்டுகிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு புதுப் போனைப் பற்றி விவரமாகத் தெரிந்துகொள்ள ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் விற்கிறவர் சொல்வதை நம்ப வேண்டும். அந்த நிலையை மாற்றியவர்கள் நீங்கள். இன்றைக்கு எங்கள் ஊர்க் கல்லூரிப் பிள்ளைகள் பிராசஸர் பெயரைத் தப்பில்லாமல் சொல்கிறார்கள் என்றால் அது உங்களால்தான். கடையில் வந்து நின்று, “அவரு நல்லாருக்குன்னு சொல்லிட்டாரு அண்ணாச்சி, அதான் வாங்குனேன்” என்று உங்கள் பெயரைச் சொல்கிறவர்கள் நிறைய.

அவர்கள் உங்களை இவ்வளவு நம்புவதால்தான் இந்த மடல். என் வேண்டுகோள் ஒன்றுதான். எட்டாயிரம், பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் வரும் போனை விமர்சனம் செய்யும்போது, அதை வாங்குகிறவர் எத்தனை காலம் வைத்திருப்பாரோ அத்தனை காலத்துக்கும் சேர்த்து விமர்சனம் செய்யுங்கள். முதல் வாரத்துக்கு மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள்.

உங்கள் நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. விற்பனை தொடங்கும் நாளுக்கு முன்பே காணொளி வந்தால்தான் ஆட்கள் பார்ப்பார்கள். கம்பெனி அனுப்பிய போனைச் சில வாரங்களில் திருப்பிக் கேட்பதும் உண்டு. ஆனால் எங்கள் பக்கம் ஒரு போன் சர்வசாதாரணமாக நான்கு வருஷம் ஓடும். முதலில் வேலைக்குப் போகும் மகன் கையில் இருக்கும். அவன் வேறு வாங்கியதும் அம்மாவுக்கு வரும். அங்கிருந்து ஓரத்தில் விரிசலோடு படிக்கிற பிள்ளைக்கோ தாத்தாவுக்கோ போகும். 2020, 2021 ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்கென்று பீரோவில் கிடந்த பழைய போன்களையெல்லாம் எடுத்துக்கொண்டு பெற்றோர்கள் என் கடை வாசலில் நின்றார்கள். அந்தப் போன்கள் வெளியான நேரத்தில் வந்த விமர்சனங்களை அவர்களில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்த விமர்சனங்களின் பலனை அதிக நாள் அனுபவித்தவர்கள் அவர்கள்தான்.

ஒரு போனை எடுத்துக்கொண்டு பேசுவோம். 2024 நவம்பரில் ரெட்மி ஏ4 5ஜி வந்தது. 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பகம் உள்ளது அப்போது 8,499 ரூபாய். 128 ஜிபி என்றால் 9,499. ஸ்னாப்டிராகன் 4எஸ் ஜென் 2 பிராசஸர், 6.88 அங்குல எல்சிடி திரை, 5,160 எம்ஏஎச் பேட்டரி, பெட்டிக்குள்ளேயே சார்ஜர், பழைய ஹெட்போன் மாட்டும் துளை, பக்கவாட்டில் விரல்ரேகை. இந்த விலையில் 5ஜி கொடுத்ததும், வேகமான யூஎஃப்எஸ் வகைச் சேமிப்பகம் கொடுத்ததும் பாராட்ட வேண்டிய காரியம். சாதாரண ஜனங்களை மனதில் வைத்துச் செய்த போன் என்று அதைத் தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் அந்தப் போனில் 5ஜி என்பது தனித்து இயங்கும் எஸ்ஏ வகை மட்டும்தான். ஜியோ அந்த வகையில் 5ஜி தந்தது. ஏர்டெல் அப்போது 4ஜி கட்டமைப்பின் மேல் ஏறி வரும் என்எஸ்ஏ வகையில் தந்துகொண்டிருந்தது. ஆகவே ஏர்டெல் சிம் வைத்திருந்தவர் அந்த 5ஜி போனை வாங்கினால் கிடைத்தது 4ஜி. உங்களில் சிலர் இதைச் சொன்னீர்கள், மறுக்கவில்லை. ஆனால் எந்த இடத்தில் சொன்னீர்கள்? திரையின் 120 ஹெர்ட்ஸ், அன்டுடு வேகச் சோதனை மதிப்பெண், விளையாட்டில் எத்தனை ஃபிரேம் என்பதெல்லாம் முடிந்து, முடிவுரைக்குப் போகும் வழியில் ஒரு வாக்கியமாக. வாங்குகிற குடும்பத்துக்கு முதல் வாக்கியமாக வந்திருக்க வேண்டியது அது. எங்கள் ஊர் போன்ற இடங்களில் எந்த நெட்வொர்க் வீட்டுக்குள் கிடைக்கிறதோ அதுதான் சிம். மலையடிவாரத் தெரு ஒன்றில் ஒரே கம்பெனியின் டவர்தான் எட்டும் என்றால், அவர்கள் போனுக்காக சிம்மை மாற்ற முடியாது. சிம்முக்குப் பொருந்தும் போனைத்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது விரல்ரேகை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் மேசைக்கு அதிகம் வரும் குறைகளில் இது ஒன்று.

எங்கள் வட்டாரம் பீடி சுற்றும் வட்டாரம். நாள் முழுக்க இலையும் தூளும் நூலுமாகப் புரளும் பெண்களின் விரல் நுனி தேய்ந்து வழவழவென்று ஆகிவிடும். ரேஷன் கடையில் கைரேகை பதியாமல் திரும்பத் திரும்ப விரலைத் துடைத்து வைக்கிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிமெண்ட் வேலை, பாத்திரம் கழுவும் வேலை செய்கிறவர்களுக்கும் இதே பாடுதான். “அண்ணாச்சி, என் விரலுக்குத் தொறக்க மாட்டேங்கு, மக விரலுக்கு மட்டும் தொறக்கு” என்று போனை நீட்டுவார்கள். போனில் குறை ஒன்றும் இருக்காது. கட்டை விரலுக்குப் பதில் மோதிர விரலைப் பதிந்து கொடுப்பேன், ஒரே விரலை இரண்டு தடவை பதிந்து கொடுப்பேன். அப்படியும் சில பேருக்குச் சரிவராது. உங்கள் விமர்சனத்தில் விரல்ரேகை எத்தனை மில்லி செகண்டில் திறக்கிறது என்று காட்டுகிறீர்கள். மேசை முன் உட்கார்ந்து வேலை செய்கிறவருடைய விரலில் அது சரியாகத்தான் திறக்கும். ஒரு கொத்தனாரையோ, பீடி சுற்றும் அக்காவையோ கூப்பிட்டு அவர்கள் விரலை வைக்கச் சொல்லிக் காட்டினால், வாங்கப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு வேண்டிய பதில் கிடைத்துவிடும்.

அதோடு ஒரு விஷயம் சேர்ந்திருக்கிறது. திரைக்கு அடியில் விரல்ரேகை வைத்த போன்களை நீங்கள் உயர்வாகச் சொல்கிறீர்கள். அமோலெட் திரையில்தான் அது வரும். புதிதாக இருக்கும்போது பார்க்க அழகுதான். போன் கீழே விழுந்து திரை உடைந்த நாளில் என்ன ஆகிறது? காம்போ என்று நாங்கள் சொல்லும், திரையும் தொடுகண்ணாடியும் சேர்ந்த ஒரிஜினல் அமோலெட் தொகுதியின் விலையைச் சொன்னதும் வந்தவர் முகம் மாறிவிடும். சில போன்களில் அந்தக் காம்போ, போனின் இன்றைய மதிப்பில் பாதியைத் தாண்டும். அப்போது அவர் கேட்பது விலை குறைந்த டிஸ்ப்ளே. அது பெரும்பாலும் எல்சிடி வகை. படம் தெரியும், தொடுதல் வேலை செய்யும். ஆனால் திரைக்கு அடியிலிருக்கும் ஒளி வழி விரல்ரேகைக் கருவி அமோலெட்டின் வெளிச்சத்தை நம்பி வேலை செய்வது. எல்சிடி மாட்டினால் அது செத்துவிடும். இதை நான் மாட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுவேன், சொல்லாமல் மாட்டுகிறவர்களும் உண்டு. அதன் பிறகு போனின் சொந்தக்காரர் நான்கு இலக்க எண்ணைப் பேருந்தில் எல்லார் முன்னாலும் அடித்துத்தான் திறக்க வேண்டும். பக்கவாட்டில் பவர் பட்டனோடு விரல்ரேகை இருக்கும் போனில் இந்தச் சிக்கலே இல்லை. திரை மாறினாலும் விரல்ரேகை அப்படியே இருக்கும். நீங்கள் மலிவான அம்சம் என்று ஒதுக்கும் ஒன்று, ஏழைக்கு எத்தனை உதவி என்பதை இந்த இடத்தில்தான் பார்க்கிறேன்.

ஆகவே திரையைப் பற்றிப் பேசும்போது அதன் வெளிச்சத்தையும் நிறத்தையும் சொன்ன கையோடு, உடைந்தால் மாற்ற என்ன செலவு என்றும் சொல்லுங்கள். சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். சில கம்பெனிகள் உதிரிபாக விலையைத் தங்கள் இணையதளத்திலேயே போட்டிருக்கின்றன. சார்ஜிங் பின் தனிச் சின்ன போர்டில் இருக்கிறதா, மதர்போர்டிலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள். தனிப் போர்டில் இருந்தால் சில நூறு ரூபாயில் காரியம் முடியும். சட்டைப் பையிலும் சேலை மடியிலும் போகும் போனில் பஞ்சும் வியர்வையும் முதலில் போய்ச் சேரும் இடம் அந்தத் துளைதான். “சார்ஜ் ஏறல” என்று வருவதில் கணிசமானவை உள்ளே இறுகிய பஞ்சை ஊசியால் எடுத்தாலே சரியாகிவிடும்.

பேசுவதைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை என்று எனக்கு வியப்பு. போன் வாங்குகிற முக்கால்வாசிப் பேருக்கு முதல் வேலை எதிர்முனையில் இருப்பவர் சொல்வது காதில் விழ வேண்டும் என்பதுதான். பாவூர்சத்திரம் பஸ் நிலையத்தில் நின்று, இரண்டு பஸ் உறுமிக்கொண்டிருக்கும்போது அம்மாவுக்குப் போன் செய்து பாருங்கள். காதுப்பக்க ஒலி போதுகிறதா, உங்கள் குரல் அந்தப் பக்கம் தெளிவாகப் போகிறதா, அந்த ஒரு நிமிடத்தை அப்படியே பதிவு செய்து காட்டுங்கள். விலை குறைந்த போன்கள் சிலவற்றில் காதருகே கொண்டுபோனால் திரையை அணைக்கும் சென்சார் தனி உறுப்பாக இல்லாமல் மென்பொருளால் ஒப்பேற்றப்பட்டிருக்கிறது. திரை அணையாமல் கன்னம் பட்டு மியூட் ஆகிவிடும், அல்லது அழைப்பே துண்டாகிவிடும். வயதானவர்கள் அதைச் சிக்னல் குறை என்று நினைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் “ஹலோ, ஹலோ” என்று கத்திக்கொண்டிருக்கிறார்கள். பத்து நிமிட அழைப்பு ஒன்றைச் செய்தாலே உங்களுக்கு இது தெரிந்துவிடும்.

வெயில் அடுத்தது. பங்குனி, சித்திரையில் கரூர் பரமத்தியிலும் வேலூரிலும் 40 டிகிரியைத் தாண்டுகிறது. போன் தயாரிப்பாளர்கள் சிலர் 35 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்கிறார்கள். ஆட்டோவின் முன்பக்கத்தில் மாட்டி, வழிகாட்டும் செயலியும் ஓடி, சார்ஜும் ஏறிக்கொண்டிருந்தால் போன் தன்னைக் காத்துக்கொள்ள வெளிச்சத்தைக் குறைக்கும், சார்ஜை நிறுத்தும். குளிரூட்டிய அறையில் நீங்கள் எடுத்த பேட்டரி கணக்கு அங்கே நிற்காது. லித்தியம் பேட்டரிக்குச் சூடும், எப்போதும் நூறு சதவீதத்திலேயே கிடப்பதும் ஆகாது. இரண்டு வருஷம் இப்படி ஓடினால் சிலவற்றில் பேட்டரி உப்பிவிடும். போனுக்கு மாட்டிய ரப்பர் கவர் அதை மறைத்துவிடும். நான் கவரைக் கழற்றி, போனைக் கண்ணாடி மேசையில் மல்லாக்க வைத்து ஓரத்தை விரலால் தட்டிப் பார்ப்பேன். முதுகு உப்பியிருந்தால் பம்பரம்போலச் சுழலும். திரையின் ஓரத்தில் ஒரு நகம் நுழையும் இடைவெளி விட்டிருக்கும். அந்த நிலையிலும் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் காணொளியில் இந்தச் சோதனையை ஒரு நிமிடம் செய்து காட்டினால், நாட்டில் எத்தனை வீடுகளில் அன்று ராத்திரியே போனைக் கவரிலிருந்து கழற்றிப் பார்ப்பார்கள்!

ரேமும் சேமிப்பகமும். “எட்டோடு எட்டு, பதினாறு ஜிபி ரேம்” என்று விளம்பரத்தில் வருவதை நீங்கள் அப்படியே திரும்பச் சொல்லாதீர்கள். இரண்டாவது எட்டு சேமிப்பகத்திலிருந்து எடுத்த இடம். உண்மையான ரேமின் வேகம் அதற்கு வராது. 64 ஜிபி போனில் இடமும் போய்விடும். இடம் நிரம்பி வழிந்தால் போன் மந்தமாகும் என்பதை என் கடையில் தினமும் பார்க்கிறேன். குடும்பக் குழுக்களில் வரும் காலை வணக்கப் படங்களும் காணொளிகளும்தான் அதிகம் அடைக்கின்றன. “ஹேங் ஆவுது” என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் போனில் பழுது எதுவும் இல்லை, காலி இடம் இல்லை, அவ்வளவுதான்.

இதில் பழைய பாடம் ஒன்று உண்டு. 2014 பிப்ரவரியில் மோட்டோ ஜி நம் நாட்டுக்கு வந்தது. 8 ஜிபி போன் 12,499 ரூபாய், 16 ஜிபி 13,999. சாதாரண விலையில் இழுக்காத, தொங்காத போன் கிடைக்கும் என்று முதன்முதலில் நிரூபித்த போன்களில் அது ஒன்று. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், கொண்டாடியதில் தப்பே இல்லை. ஆனால் அதில் மெமரி கார்டு போட இடம் கிடையாது. 8 ஜிபியில் ஆண்ட்ராய்டுக்கே ஒரு பங்கு போய்விடும். முதல் வாரத்தில் அது ஒரு குறையாகவே தெரியாது. கல்யாண ஆல்பமும் வாட்ஸ்அப்பும் சேர்ந்த பிறகுதான், இரண்டாவது தீபாவளி வாக்கில்தான், அந்தக் குறை வாங்கினவரைப் பிடித்தது. பிராசஸரும் திரையும் நன்றாக இருக்கும்போதே, இடம் போதாமல் ஓரங்கட்டப்பட்ட எத்தனையோ போன்களில் அதுவும் ஒன்றாகிவிட்டது. ஒரு வருஷம் கழித்து யாராவது அதே போனை மறுபடி எடுத்து, “8 ஜிபி வாங்காதீர்கள், ஆயிரத்து ஐந்நூறு கூடப் போனாலும் 16 வாங்குங்கள்” என்று சொல்லியிருந்தால், பின்னால் வாங்கினவர்கள் பிழைத்திருப்பார்கள்.

இப்போது நல்ல மாற்றங்களும் வருகின்றன, அவற்றை நீங்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். 2024 இறுதியில் வந்த சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜிக்கு ஆறு வருஷம் பாதுகாப்பு அப்டேட் உண்டு என்று கம்பெனி உறுதி சொன்னது. பெரும்பாலும் விலை உயர்ந்த போன்களுக்கே இருந்த வாக்குறுதி இருபதாயிரத்துக்குள் இறங்கி வந்தது. வங்கிச் செயலியும் வாட்ஸ்அப்பும் பழைய ஆண்ட்ராய்டைக் கைவிடும்போது, நல்ல நிலையில் இருக்கும் போனும் குப்பைக்குப் போகிறது. அதைத் தடுப்பது இந்த அப்டேட்தான். ஆனால் பழுது பார்ப்பவன் என்ற முறையில் அடுத்த கேள்வியையும் கேட்பேன்: ஆறாவது வருஷம் அதற்கு ஒரிஜினல் பேட்டரி கிடைக்குமா? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் இதற்குச் சட்டமே இருக்கிறது. பேட்டரி 800 முறை முழுதாகச் சார்ஜ் ஆன பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும். விற்பனை நின்ற பிறகும் ஏழு வருஷம் முக்கிய உதிரிபாகம் கிடைக்க வேண்டும். எத்தனை முறை விழுந்தால் தாங்கும், பழுது பார்க்க எவ்வளவு எளிது என்று பெட்டியோடு வரும் லேபிளிலேயே மதிப்பெண் இருக்கும். பிரான்ஸ் 2021லேயே பழுதுபார்ப்புக் குறியீட்டைக் கொண்டுவந்துவிட்டது. நம் நாட்டில் 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கான இணையதளம் ஒன்றை நுகர்வோர் துறை தொடங்கியது. ஆனால் கடையில் கையிலெடுக்கும் பெட்டியில் அப்படிப்பட்ட மதிப்பெண் நமக்கு இல்லை. அரசு கொண்டுவரும் வரைக்கும் அந்த மதிப்பெண்ணை நீங்கள் போடலாம். உங்களைத் தடுப்பார் யாருமில்லை. ஒரே போன் ஐரோப்பாவிலும் விற்கிறது என்றால் அங்கே அது வாங்கிய மதிப்பெண்ணை இங்கே எடுத்துச் சொல்லலாம்.

சாதாரண ஆட்கள் என்று நாம் சொல்கிறவர்களுக்குப் போன் பொழுதுபோக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கன்வாடி அக்காமார்களுக்கு 2021இலிருந்து போஷன் டிராக்கர் செயலியில் பதிவு செய்வது வேலையில் ஒரு பாகம். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் வருகைப் பதிவை செயலியில், தளத்திலிருந்து படம் எடுத்து ஏற்றுவது கட்டாயமாக்கப்பட்டது. குளத்துக் கரையில், உச்சி வெயிலில், சிக்னல் ஒரு கோடு இருக்கும் இடத்தில், பணித்தளப் பொறுப்பாளர் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு அந்தப் படத்தை ஏற்றப் பாடுபட்டதைப் பார்த்தால், வெளிச்சம் எத்தனை நிட்ஸ் என்ற எண்ணுக்கு அர்த்தம் புரியும். படம் ஏறாவிட்டால் அங்கே நிற்கிற அத்தனை பேருடைய அன்றைய கூலி சிக்கலாகும். அப்படிப்பட்டவர் கையிலிருக்கும் பத்தாயிரம் ரூபாய் போனை, விளையாட்டில் எத்தனை ஃபிரேம் வருகிறது என்று அளப்பது அவருக்கு எந்த வகையிலும் உதவாது. வெயிலில் திரை தெரிகிறதா, ஜிபிஎஸ் எவ்வளவு நேரத்தில் இடத்தைப் பிடிக்கிறது, சிக்னல் மெலிந்த இடத்தில் பிடித்து வைத்திருக்கிறதா, இவற்றை அளந்து சொல்லுங்கள்.

கேமராவிலும் அப்படித்தான். பூவையும் மாலை வானத்தையும் எடுத்துக் காட்டுகிறீர்கள், அழகாக இருக்கிறது. எங்கள் ஜனங்கள் எடுப்பது பட்டா நகல், ரேஷன் கார்டு, மாத்திரை அட்டையின் பின்பக்கம், மகளின் மதிப்பெண் பட்டியல், மளிகைக் கடையில் மங்கல் வெளிச்சத்தில் ஒட்டிய கியூஆர் அட்டை. டியூப்லைட் வெளிச்சத்தில் மாத்திரை அட்டையில் காலாவதி தேதி படிக்க வருகிறதா என்று ஒரு படம் எடுத்துக் காட்டுங்கள். 50 மெகாபிக்சலா 108 மெகாபிக்சலா என்ற சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். கிட்டத்தில் ஃபோகஸ் பிடிக்காத கேமரா எத்தனை மெகாபிக்சலாக இருந்தும் பிரயோசனமில்லை. இரண்டு மெகாபிக்சலில் பெயருக்கு ஒட்டிய கூடுதல் கேமராக்களை எண்ணிக்கையில் சேர்க்காமல் விட்டுவிடுங்கள்.

தமிழை மறந்துவிடாதீர்கள். போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றி, எழுத்தின் அளவைப் பெரிதாக்கி, ஒரு நாள் முழுக்க அப்படியே பயன்படுத்திப் பாருங்கள். பல செயலிகளில் வரி வெட்டுப்பட்டு நிற்கும். பணம் அனுப்பும் செயலியில் கீழே இருக்கும் பட்டனே திரைக்கு வெளியே போய்விடும். எழுத்தறிவு குறைந்தவர்களுக்குக் குரலில் சொல்லித் தேடுவது பெரிய வரம். கூகுள் 2017இல் தமிழில் அதைக் கொண்டுவந்த பிறகு எங்கள் ஊர்ப் பாட்டிமார் பக்திப் பாட்டைத் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். அந்தக் குரல் தட்டச்சு நெல்லைப் பேச்சையும் நாஞ்சில் பேச்சையும் எவ்வளவு சரியாகப் பிடிக்கிறது என்று நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் ஊர்ப் பேச்சில் சொல்லிச் சோதித்துக் காட்டலாம். அதற்கு உங்களைவிடத் தகுந்தவர்கள் யார்? 2017 ஜனவரி முதல் நம் நாட்டில் விற்கும் போன்களில் அவசர உதவி பட்டன் வசதி இருக்க வேண்டும் என்பது விதி. பல ஸ்மார்ட்போன்களில் பவர் பட்டனைச் சில முறை அடுத்தடுத்து அழுத்தினால் 112 என்ற அவசர எண்ணுக்குப் போகும்படி வைக்கலாம். ராத்திரி வேலை முடிந்து தனியாக வரும் பெண் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஒரு புதுப் போனில் அது எந்த இடத்தில், எப்படி இருக்கிறது என்று சொல்ல உங்களுக்கு இருபது வினாடி போதும்.

பூட்டுத்திரையில் விளம்பரம் ஓடும் போனா, பெட்டியைத் திறந்ததுமே எத்தனை வேண்டாத செயலிகள் இருக்கின்றன, அவற்றை நீக்க முடியுமா என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஒரு விளம்பரத்தைத் தெரியாமல் தொட்டு, கடன் செயலியை இறக்கிக்கொண்டு, தொடர்புப் பட்டியல் முழுக்க மிரட்டல் போன ஒருவரின் போனை நான் சுத்தம் செய்திருக்கிறேன். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல அவர் சம்மதிக்க மாட்டார்.

பணம் வாங்கிச் செய்யும் காணொளி பற்றி ஒன்று. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறை வெளியிட்ட நெறிமுறைப்படி, பணமோ இலவசப் பொருளோ பெற்றிருந்தால் அதைத் தெளிவாக, எளிய மொழியில் அறிவிக்க வேண்டும். உங்களில் பலர் ஒழுங்காகச் செய்கிறீர்கள். செய்யாதவர்கள், பேச்சு தொடங்கும்போதே தமிழில், வாயால் சொல்லிவிடுங்கள். காணொளியின் கீழே ஆங்கிலத்தில் பொடியாக எழுதினால் எங்கள் ஊர்க்காரர் கண்ணில் படாது.

கடைசியாக, இதையெல்லாம் எப்படிச் செய்வது என்ற கேள்வி. போன் உங்கள் கையில் ஒரு வருஷம் இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் நீங்கள் பாராட்டிய போன்கள் இப்போது எங்கள் மேசைகளில் இருக்கின்றன. உங்கள் ஊரில் சர்வீஸ் செய்கிற ஒருவரிடம் ஒரு மத்தியானம் போய் உட்காருங்கள். எந்த மாடலில் சார்ஜிங் பின் சீக்கிரம் போகிறது, எதில் பேட்டரி உப்புகிறது, எதற்கு டிஸ்ப்ளே கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள், எது எத்தனை முறை விழுந்தாலும் தொடர்ந்து வேலை செய்கிறது என்று அவர் விரல் மடித்துச் சொல்வார். ஒரு கடையின் அனுபவம் மட்டும் போதாது என்று தோன்றினால் நாலைந்து ஊர்களில் கேளுங்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர் போனும், நாகப்பட்டினத்தில் கடலுக்குப் போகிறவர் போனும் ஒரே விதமாகக் கெடுவதில்லை. உப்புக் காற்றுக்கு எது தாங்குகிறது என்று நாகப்பட்டினத்துக்காரர் சொல்வது எனக்கே தெரியாத விஷயம்.

வாடிக்கையாளர் போனைக் கேமரா முன் காட்டுவதானால் அவரிடம் கேட்டுவிட்டுக் காட்டுங்கள், உள்ளே இருக்கும் படங்கள் எதுவும் பதிவில் வராமல் பாருங்கள். என் கடைக்கு வருவதாக இருந்தால் வெள்ளிக்கிழமை தவிர எந்த நாளும் வரலாம். மாற்றி எடுத்த பழைய டிஸ்ப்ளேக்களையும் சின்ன சார்ஜிங் போர்டுகளையும் மாடல் பெயர் எழுதி ஒரு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். உப்பின பேட்டரிகளை மட்டும் வைத்துக்கொள்வதில்லை, அவற்றை அப்போதைக்கப்போது மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிடுகிறேன். எந்த மாடல் என்ற கணக்கு நோட்டில் இருக்கிறது, தருகிறேன்.

அன்புடன்,
தென்காசி மாவட்டத்திலிருந்து
ஒரு செல்போன் பழுது பார்ப்பவர்